கேள்வி பதில்: பிரஸ் அப்புறம், முதலில் தராசு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரீலோடிங் கருவிகளைப் பற்றியவை. சுட்டு முடித்த பித்தளை உறையை எடுத்து, புது பிரைமர் (அடியில் பதிக்கும், தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர், புல்லட் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலை இது. இலக்குச் சுடுதலில் இருப்பவர்கள் பலர் தங்கள் துப்பாக்கிக்குப் பொருத்தமான தோட்டா வேண்டும் என்பதற்காக இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். நான் கருவிப் பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தவள், ரைஃபிளும் சுடுகிறவள். ஆகவே என் பதில்கள் அளக்கும் கருவிகளின் பக்கமே சாயும்.

கேள்வி: மேடம், ரீலோடிங் தொடங்கப் போகிறேன். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பொருளைத்தான் உயர்ந்த தரத்தில் வாங்க முடியும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழும் புரோகிரெசிவ் பிரஸ்ஸை நேராக வாங்கிவிடலாமா?

பதில்: அந்த ஒரு பொருள் தராசாக இருக்கட்டும். பிரஸ் சாதாரண சிங்கிள் ஸ்டேஜ், அதாவது ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்வது, போதும்.

பிரஸ் செய்கிற வேலை என்ன? உறையைக் கீழிருந்து மேலே தள்ளி டை என்ற அச்சுக்குள் நுழைக்கிறது, திரும்ப இழுக்கிறது. அவ்வளவுதான். வார்ப்பு உறுதியாக இருந்து, உறையைத் தூக்கும் தண்டான ராம் ஆடாமல் ஏறி இறங்கினால் அது பல காலம் உழைக்கும். டைகளின் வெளி மரையும் பெரும்பாலும் ஒரே அளவுதான்: 7/8 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 14 மரை. பழைய பிரஸ்ஸில் புது டை ஏறும், புது பிரஸ்ஸில் பழைய டை ஏறும். 1958-ல் ரிச்சர்ட் லீ என்ற அமெரிக்கர் கொண்டுவந்த சின்னக் கருவிக்குப் பிரஸ்ஸே கிடையாது, சுத்தியலால் தட்டியே தோட்டா செய்யலாம். பொறுமையாகச் செய்தவர்கள் அதிலும் நல்ல தோட்டா செய்தார்கள்.

புரோகிரெசிவில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலை நடக்கும். ஒரு உறையில் பழைய பிரைமர் வெளியேறும்போது இன்னொன்றில் பவுடர் விழும், வேறொன்றில் புல்லட் இறங்கும். எந்த வேலை எப்படி நடந்தால் கைக்கு எப்படித் தெரியும் என்று பழகாதவருக்கு அத்தனையையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. சிங்கிள் ஸ்டேஜில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகக் கைக்குப் பழகும். உறை டைக்குள் இறுகும்போது கைப்பிடியில் என்ன கனம், புல்லட் கழுத்துக்குள் இறங்கும்போது என்ன கனம் என்று கை தெரிந்துகொள்ளும். வேகம் வேண்டுமென்றால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். சிங்கிள் ஸ்டேஜ் அப்போதும் வீணாகாது, இரண்டு வகையையும் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

தராசு அப்படியில்லை. உறைக்குள் என்ன போனது என்று அது ஒன்றுதான் சொல்லும். கூடவே நீளத்தையும் தடிமனையும் அளக்கும் ஒரு நல்ல காலிப்பர், கண்ணாடி போட்டிருந்தாலும் அதற்கு மேல் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி, பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டின் புதிய பதிப்பு. தொடங்க இவை போதும்.

கேள்வி: என் மின்னணுத் தராசு ஒரே எடைக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது. பழுதா? பழைய துலாக்கோல் தராசுக்கே போய்விடலாமா?

பதில்: பழுது என்று சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ரீலோடிங்கில் பவுடரை கிரெயின் என்ற அலகில் நிறுக்கிறோம். 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.43 கிரெயின். சாதாரண ரீலோடிங் தராசு 0.1 கிரெயின் வரை காட்டும். அது 6.5 மில்லிகிராம், ஒரு அரிசி மணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு. இவ்வளவு சின்ன எடையை நிறுக்கும்போது அறையில் ஓடும் மின்விசிறியின் காற்றும் எடையாகவே தெரியும். மேசை ஆடினாலும் தெரியும். பக்கத்தில் கிடக்கும் கைபேசி கூட சில தராசுகளைத் தடுமாற வைக்கும்.

விலை குறைந்த மின்னணுத் தராசுகளுக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகத் துண்டு. பாரம் ஏறினால் அது வளையும், அந்த வளைவு மின்சாரமாக அளக்கப்படும். வெப்பம் மாறினால் அதுவும் மாறும். அதனால் வேலைக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டு, சூடு நிலைத்த பிறகு கேலிபரேட் செய்யுங்கள், அதாவது தெரிந்த எடையை வைத்துச் சரிப்படுத்துங்கள்.

இன்னொரு பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன். காலித் தட்டை வைத்துப் பூஜ்யம் ஆக்கியபின் தட்டை எடுத்தால் மைனஸில் ஒரு எண் காட்டும். அதை ஒரு காகிதத்தில் எழுதித் தராசின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வேலைக்கு நடுவே தட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்று பார்வை போகட்டும். வரவில்லையென்றால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது, அதற்கு முன் நிறுத்த சிலவற்றைத் திரும்ப நிறுங்கள்.

அப்புறம், பவுடரைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவும்போது சில தராசுகள் அந்த மெதுவான ஏற்றத்தைப் பூஜ்யத்தின் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும். எண் மாறாது, தட்டில் பவுடர் கூடிக்கொண்டே போகும். தூவி முடித்ததும் தட்டைத் தூக்கி மறுபடி வையுங்கள், உண்மை எடை தெரியும்.

சோதனை எடைகள் ஒரு பெட்டி வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக நிறுக்கும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எடையைச் சேர்க்கும்படி இருக்க வேண்டும். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். அலகு பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை: கை தவறிப் பட்டு கிரெயின் கிராமாக மாறிவிட்டால் பதினைந்து மடங்கு வித்தியாசம். திரையில் எந்த அலகு என்று பார்க்காமல் நிறுக்கத் தொடங்க வேண்டாம்.

துலாக்கோல் தராசு மோசமில்லை, எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு. கத்தி விளிம்பும் அது உட்காரும் பள்ளமும் தூசியில்லாமல் இருந்தால், மேசை மட்டமாக இருந்தால், கண் முள்ளின் உயரத்தில் இருந்தால் அது ஏமாற்றாது. என் மேசையில் இரண்டும் உண்டு, ஒன்று மற்றதைச் சரிபார்க்கும்.

கேள்வி: ரைஃபிள் உறைகள் நாலாவது ஐந்தாவது முறையிலேயே அடிப்பாகத்துக்கு மேலே வளையமாகப் பிளக்கின்றன. டையோடு வந்த தாளில் சொன்னபடி, உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகித்தான் பூட்டினேன். உறை மட்டமானதா?

பதில்: உறையைத் திட்ட வேண்டாம், டை அளவுக்கு மேல் இறங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ரீலோடிங்கில் தனிக் கருவிகளின் அருமை இங்கேதான் புரியும்.

கழுத்து குறுகிய, விளிம்பு புடைக்காத ரைஃபிள் உறை, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் தோளால்தான் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) நிற்கிறது. சுட்டதும் உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்ளும். அடிப்பாகம் மட்டும் பின்னால் நகர்ந்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் முட்டும். நடுவில் இருக்கும் பித்தளை இழுபடும். இழுபடும் தூரம், தோளுக்கும் சேம்பருக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் விட்டோமோ அவ்வளவு. நீங்கள் ஒவ்வொரு முறையும் டையில் தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினால், ஒவ்வொரு சூட்டிலும் அதே இடம் இழுபட்டு மெலிந்து, கடைசியில் வளையமாகப் பிளக்கும். அந்த நேரத்தில் உயர் அழுத்த வாயு பின்னால் கசியும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம் இது.

தாளில் உள்ள வழி எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. எந்தச் சேம்பரிலும் நுழையும் உறை அதில் கிடைக்கும், உங்கள் சேம்பருக்கு அளவெடுத்த உறை கிடைக்காது. அதற்குத்தான் தோள் கம்பேரேட்டர். காலிப்பரின் ஒரு தாடையில் மாட்டும் சின்ன அலுமினியத் துண்டு, உள்ளே துளையிட்ட ஒரு வளையம். வளையம் தோளின் நடுவில் உட்காரும், உறையின் அடி மறு தாடையில் படும். காட்டும் எண் உண்மையான ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரில் தோள் நிற்கும் இடம் வரையிலான தூரம்) கிடையாது, ஒப்பிட மட்டும்தான். ஒப்பிட்டால் போதும் நமக்கு.

உங்கள் ரைஃபிளில் சுட்ட உறையை எடுத்து, பழைய பிரைமரை நீக்கிவிட்டு அளவெடுங்கள். பிரைமர் துருத்தியிருந்தால் எண் பொய்யாகும். பிறகு டையைச் சற்று உயர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு முறையும் அளவெடுங்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பின்னால் போனால் போதும், அதாவது ஆயிரத்தில் ஒன்று இரண்டு இன்ச். தானாக ஏற்றும் ரைஃபிளுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். இன்ச்சுக்கு 14 மரை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.8 மில்லிமீட்டர் இறங்கும். ஆயிரத்தில் ஒரு இன்ச்சுக்கு வெறும் ஐந்து டிகிரித் திருப்பம்தான். டையின் மேல் பேனாவால் ஒரு கோடும், பிரஸ்ஸின் மேல் ஒரு கோடும் போட்டுக்கொண்டு திருப்பினால் வேலை எளிது. கையின் உணர்வை நம்பி "கொஞ்சம் திருகினால்" எங்கே போய் நிற்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இருக்கிற உறைகளைச் சோதிக்க இன்னொரு கருவி, காசில்லாதது. விறைப்பான மெல்லிய கம்பியின் நுனியைக் கூராக்கி, செங்கோணமாக மடக்குங்கள். உறைக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழுங்கள். மெலிந்த இடம் இருந்தால் நுனி பள்ளத்தில் தட்டும். வெளியே பளபளப்பான வளையமும் தெரியலாம், ஆனால் டை தேய்த்த கோடும் அதே மாதிரி இருக்கும் என்பதால் கம்பி சொல்வதையே நான் நம்புவேன். ஒன்றில் தட்டினாலும் அந்தத் தொகுப்பு முழுவதையும் சோதியுங்கள். தட்டியவற்றை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

உறை இழுபட்டால் கழுத்தும் நீளும். அதிக நீளமான கழுத்து சேம்பரின் முனையில் இடித்து புல்லட்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். அதனால் கழுத்தை அளவுக்கு வெட்டும் டிரிம்மரும் அவசியக் கருவிதான். வெட்டிய வாயின் ஓரத்தை உள்ளும் புறமும் சேம்ஃபர் செய்ய, அதாவது சரிவாக்க, மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே பெட்டி புல்லட், ஒரே டை. முடித்த தோட்டாக்களின் மொத்த நீளம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுகிறது. டையை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் நுனியை அளக்கிறீர்கள். புல்லட்டின் நுனி, அதிலும் துளை நுனியும் ஈய நுனியும், ஒரே பெட்டிக்குள்ளேயே மாறும். புல்லட்டை உறையில் இறக்கும் சீட்டிங் டையோ நுனியைத் தொடுவதில்லை, அதற்குக் கீழே வளைவில்தான் தள்ளுகிறது. பேரலுக்குள் சுருளாக ஓடும் வரிகளான ரைஃப்ளிங் தொடுவதும் அந்த வளைவைத்தான். வளைவில் அளக்கும் கம்பேரேட்டர் வளையத்தைக் காலிப்பரில் மாட்டி அளந்து பாருங்கள், பெரும்பாலான வித்தியாசம் மறைந்துவிடும். மேகஸினுக்குள் நுழைகிறதா என்று பார்க்க மட்டும் நுனி வரையிலான நீளம் தேவை. புல்லட்டை ரைஃப்ளிங்கைத் தொடும்படி வெளியே வைத்தால் துல்லியம் கூடும் என்று கேள்விப்பட்டு அதைச் செய்யப் போகாதீர்கள். தொட்டுக்கொண்டு தொடங்கும் புல்லட்டால் அழுத்தம் உயரும். கையேட்டில் உள்ள நீளத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: கைத்துப்பாக்கித் தோட்டாவில் பவுடர் இரண்டு முறை விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கிறது. முடித்த தோட்டாக்களை நிறுத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாமா?

பதில்: அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள், அது நியாயமானது. பல கைத்துப்பாக்கி உறைகளில் பவுடர் பாதிகூட நிரம்பாது, இரண்டு மடங்கு விழுந்தாலும் புல்லட் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். துப்பாக்கியே சிதறக்கூடிய தவறு அது. பவுடரே விழாவிட்டாலும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் வெடித்து புல்லட்டைப் பேரலுக்குள் பாதி வழியில் சிக்க வைக்கும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் புடைக்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மந்தமாக, உதைப்பு குறைவாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்த சூடு கிடையாது.

நிறுத்துப் பார்ப்பது உதவாது. உறைக்கு உறை, புல்லட்டுக்கு புல்லட் எடை மாறும். இரண்டும் சேர்ந்தால் வரும் வித்தியாசம் சின்னத் தோட்டாவின் மொத்தப் பவுடரையே மறைத்துவிடலாம்.

உதவுவது துளைகள் கொண்ட ஒரு மரப்பலகையும் ஒரு டார்ச்சும். காலி உறைகளையெல்லாம் பலகையில் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்துப் பவுடர் போட்டதும் வாய் மேலாக வையுங்கள். கவிழ்ந்திருப்பது காலி, நிமிர்ந்திருப்பது நிரம்பியது. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும் குழப்பம் வராது. பலகை முழுதும் நிமிர்ந்த பிறகு, புல்லட் ஒன்றைக்கூடத் தொடுவதற்கு முன், மேலிருந்து வெளிச்சம் அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். மட்டம் உயர்ந்த உறையும் தாழ்ந்த உறையும் கண்ணில் குத்தும். கையேடு தரும் பவுடர்களில் உறையை அதிகம் நிரப்பும் வகையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது, இரண்டாவது முறை விழும்போதே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

புரோகிரெசிவ் வைத்திருப்பவர்கள் பவுடர் சோதனை டை ஒன்றை அவசியம் மாட்டுங்கள். அதன் கம்பி உறைக்குள் இறங்கிப் பவுடர் மட்டத்தைத் தொடும். மட்டம் தப்பினால் ஒரு வகை ஒலி எழுப்பும், இன்னொரு வகை பிரஸ்ஸையே பூட்டிவிடும். எனக்குப் பூட்டும் வகைதான் பிடிக்கும், ஒலியைக் காது பழகிவிடும். இந்த டைக்கு இடம் இல்லாத பிரஸ்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, மேசை மேல் எப்போதும் ஒரே பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவுக்குத் திருப்பிக் கொட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இன்ன புல்லட், இன்ன பவுடர் இருக்கிறது. எத்தனை கிரெயின் போட வேண்டும் என்று எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

பதில்: எழுத மாட்டேன். அச்சில் ஒரு இலக்கம் தப்பினால் அதற்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டிவரும். பவுடர் தயாரிப்பாளரின் இன்றைய கையேட்டில் எடுங்கள், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பித்தளை விளக்கைத் துலக்கும் மெருகுத் திரவத்தால் உறைகளைச் சுத்தம் செய்தால் பளபளக்கிறது. தொடரலாமா?

பதில்: அந்தத் திரவத்தில் அம்மோனியா இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பல மெருகுத் திரவங்களில் இருக்கிறது.

இதற்குப் பின்னால் நம் ஊர்ப்பக்கத்து வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள், மழைக்காலத்தில் கிடங்கில் கிடக்கும்போதே தாமாக விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, இடிக்கவுமில்லை. பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ விரிசல் என்றார்கள். காரணம் 1921-ல் தான் தெளிவானது. குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, இவற்றோடு உறையை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். நம் உறைகளிலும் அதே இறுக்கம் இருக்கிறது, ஒவ்வொரு முறை டைக்குள் நுழையும்போதும் இன்னும் ஏறுகிறது. அதன் மேல் அம்மோனியாவைத் தடவலாமா?

சுத்தம் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, வால்நட் ஓடு அல்லது சோளக்கதிர்த் தக்கையின் தூளில் உறைகளைப் போட்டு அதிர வைப்பது. இன்னொன்று, தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, சிட்டிகை சிட்ரிக் அமிலம், நுண்ணிய ஸ்டீல் ஊசிகள் போட்டு உருட்டுவது. நான் இரண்டாவதின் கட்சி. பிரைமர் கலவையில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கும், சுட்டபின் அந்தக் கரி உறைக்குள் தங்கும், உலர்ந்த தூளில் உருட்டினால் அது புழுதியாகி மூச்சில் போகும். தண்ணீரில் செய்தால் புழுதி எழாது. அழுக்கு நீரை மட்டும் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், அந்தச் சல்லடையையும் வாளியையும் வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்முறை வேண்டவே வேண்டாம் என்பேன். எந்த முறையானாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மேசையில் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது.

ஊசி முறையில் ஒரு கவனம்: இரண்டு ஊசிகள் சேர்ந்து கழுத்திலோ அடியில் உள்ள துளையிலோ சிக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் பாருங்கள். நன்றாக உலராத உறையில் பவுடர் போடவும் கூடாது.

கேள்வி: கழுத்தைச் சூடேற்றிப் பதமாக்கும் அனீலிங் இயந்திரம் வாங்கினால் பயன் உண்டா?

பதில்: உறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவருக்கு உண்டு. பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் கடினமாகும், கடைசியில் கழுத்து கீறும். சூடேற்றினால் மறுபடி மென்மையாகும். புது ராணுவ உறைகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியுமே, அது அனீலிங் செய்த தடம்தான். எனக்கு இதில் உறையின் ஆயுளைவிட முக்கியமாகப் படுவது, எல்லாக் கழுத்தும் புல்லட்டை ஒரே மாதிரி பிடிக்கும் என்பது.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான். அடிப்பாகம் மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது, அந்த உறை குப்பைக்குத்தான். தூண்டல் சுருளால் சூடேற்றும் இயந்திரங்கள் நேரத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்துவதால் இதில் நம்பகமானவை. எரிவாயு விளக்கில் செய்பவர்கள் குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் குறியீட்டுப் பூச்சை உறையில் தடவிச் சோதிக்க வேண்டும். செந்தணலாக ஒளிரும்வரை காட்டுவது மிகை.

கேள்வி: தோட்டாவின் மையம் விலகலை அளக்கும் கேஜ், கழுத்துச் சுவரைச் சீவும் கருவி, பிரைமர் குழியைச் சீராக்கும் கருவி. எதை முதலில் வாங்குவது?

பதில்: மூன்றும் இப்போது வேண்டாம். கேஜ் ஒன்று இரவல் கிடைத்தால் உங்கள் டைகள் கோணலில்லாமல் வேலை செய்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ராணுவ உறை பயன்படுத்துகிறீர்கள் என்றால் மட்டும் பிரைமரைக் கழலாமல் பிடிக்க அதன் குழியின் ஓரத்தில் அழுத்திய நெரிப்பை நீக்கும் கருவி தேவைப்படும், அது இல்லாமல் புது பிரைமர் இறங்காது. அந்தப் பணத்தில் கையால் பிரைமர் பதிக்கும் கருவி வாங்குங்கள். பிரைமர் குழியின் அடியைத் தொடுவது விரலுக்குத் தெரியும், குழி தளர்ந்திருந்தாலும் தெரியும். பதித்த பிரைமர் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். துருத்தி நின்றால் போல்ட் மூடும்போதே வெடிக்கும் வாய்ப்பு உண்டு. பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே வையுங்கள், ஒரு பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

கேள்வி: வேகம் அளக்கும் கிரோனோகிராஃப் இலக்குச் சுடுபவருக்கு ஆடம்பரமா? ஐந்து தோட்டா சுட்டேன், வேக வித்தியாசம் மிகக் குறைவு. என் தோட்டா சிறப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆடம்பரம் இல்லை. அழுத்தத்தை நேராக அளக்க நம்மிடம் வழியில்லை, வேகம்தான் அதைப் பற்றி ஓரளவு சொல்லும். கையேடு சொல்லும் உச்ச வேகத்தைவிட அதிகம் வந்தால் மகிழ வேண்டாம். அதே நீளப் பேரலில் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வரும், பவுடரைக் குறையுங்கள்.

ஐந்து சூட்டை வைத்து முடிவு செய்வது அவசரம். அடுத்த ஐந்து வேறு மாதிரி வரலாம். இருபது, முப்பது சூட்டாவது சேர்த்துப் பாருங்கள். ஒளித்திரை வகை வெயிலுக்கும் மேகத்துக்கும் மாறும், பேரலில் கட்டும் காந்த வகை இலக்கில் குண்டு விழும் இடத்தை நகர்த்தும். ரேடார் வகை துப்பாக்கியைத் தொடுவதே இல்லை, வசதி இருந்தால் அதுவே என் தேர்வு.

வேகத்தை நம்பகமாக அளக்கும் வழியை முதலில் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். தொங்கும் கனமான ஊசலில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறியாளராக வந்தவர், 1751-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். கடலூர்ப் பக்கம் போகிற சுடுதல் நண்பர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியனுப்புவேன்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும்போது பிரஸ்ஸும் டையும் மட்டும் இந்தியாவுக்கு எடுத்து வரலாமா? பவுடர், பிரைமர் எதுவும் இல்லை, வெறும் இரும்புதானே?

பதில்: சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் "அம்யூனிஷன்" (தோட்டா முதலியவை) என்பதன் விளக்கத்துக்குள்ளேயே, தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்குகின்றன. உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் தேவை. அங்கே பழகியதை வைத்து இங்கே யோசித்தால் சிக்கல்தான்.

கேள்வி: ஒரு மூட்டை பழைய உறை கிடைத்தது. பிரைமரை நீக்கும் ஊசி முதல் உறையிலேயே முறிந்துவிட்டது. ஊசி மட்டமா?

பதில்: உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, நம் டைகள் அதற்காகச் செய்தவை. நடுவில் மேடும் அதன் இருபுறம் இரண்டு சிறு துளையும் இருந்தால் பெர்டன் வகை, ஊசி மேட்டில் இடித்து முறியும். பெர்டனுக்கான பிரைமர் கிடைப்பதே அரிது. அந்த மூட்டையைப் பித்தளை விலைக்குப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தப்பாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறதே, பாதுகாப்பானதா? பிரித்த பவுடரை என்ன செய்வது?

பதில்: நடுவில் பிரைமர் உள்ள தோட்டாவுக்கு மட்டும் பாதுகாப்பானது. விளிம்பில் பிரைமர் கலவை உள்ள ரிம்ஃபயரை அதில் வைக்கவே கூடாது. கருவியோடு வரும் கவ்வியையே போடுங்கள், பிரஸ்ஸின் ஷெல் ஹோல்டரைப் போடாதீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கெட்டியான மரத்துண்டின் முனையில் தட்டுங்கள். நிறைய பிரிக்க வேண்டியிருந்தால் பிரஸ்ஸில் மாட்டி, புல்லட்டைக் கவ்வி இழுக்கும் காலெட் வகை வசதி, புல்லட்டும் நசுங்காது, பவுடரும் சிதறாது. அந்தப் பவுடர் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று எழுதி வைத்த சீட்டு இருந்தால் மட்டும் அதற்கே திருப்பிக் கொட்டலாம். பார்த்தால் அதே மாதிரி இருக்கிறது என்பது போதாது, நிறமும் வடிவமும் ஒத்த பவுடர்கள் நிறைய உண்டு.